கூட்டுப் பட்டாக்காரனின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்: எங்கள் பகுதிக்கு இணையம் படியளக்கும் பிராட்பேண்ட் நிறுவனத்தார் அவர்கள்.

பொருள்: ஸ்டாட்டிக் ஐபிக்குப் பணம் வாங்கிக்கொண்டு புறம்போக்கில் குடிவைத்தது – தொடர்பாக.

பார்வை: “தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது” என்று நேற்று மாலை வந்த தங்கள் குறுஞ்செய்தி.

மாட்சிமை பொருந்திய ஐயா,

பார்வையில் கண்ட குறுஞ்செய்தி வந்தபோது தங்கள் லைன்மேன் தம்பி என் வீட்டுக் கூடத்தில்தான் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். லைன் வரவில்லை, திருப்தி மட்டும் வந்துவிட்டது. தம்பியும் அதைப் பார்த்தார். “ஆபீஸ்லயே க்ளோஸ் பண்ணிட்டாங்க சார், நான் கிளம்பட்டுமா?” என்றார். கிளம்புகிற அவசரத்திலும் என் ரவுட்டரை ஒரு போட்டோ எடுத்து, “கஸ்டமர் ஏதோ டப்பா வெச்சிருக்காரு” என்று எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அவர் செருப்பு மாட்டுவதற்குள் குழுவிலிருந்து சிரிப்புப் பொம்மைகள் வரத் தொடங்கிவிட்டன. என் புகாருக்குத் தங்கள் அலுவலகம் இத்தனை வேகமாகப் பதில் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த டப்பா, இரண்டு லேன் போர்ட் உள்ள பழைய மினி பிசி. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரை வைத்து 2004இல் தொடங்கிய திட்டம் அது. உலகம் முழுக்க ஓடுகிறது. தாங்கள் இலவசம் என்று சொல்லி மாதாமாதம் வாடகை பிடிக்கும் வெள்ளை டப்பாவைவிட என் டப்பா கறுப்பு. தம்பி கண்டுபிடித்த ஒரே குறை அதுதான்.

ஸ்டாட்டிக் ஐபி என்பது பட்டா மாதிரி என்றுதான் இந்த அடியேன் நினைத்திருந்தேன். ஆண்டுக் கட்டணம் கட்டினேன், அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டினேன். பட்டாவும் வந்தது, “ஆக்டிவேட் ஆகிவிட்டது” என்ற ஒற்றை வரியாக. ரவுட்டரில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நான்கு: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். கடைசியை நானே பார்த்துக்கொள்வேன், 8.8.8.8 ஊரறிந்த எண். மற்ற மூன்றையும் கேட்டு ஹெல்ப்லைனை அழைத்தேன்.

“கேட்வே நம்பர் சொல்லுங்கம்மா.”

“விண்டோஸ் என்ன வெர்ஷன் சார்?”

“விண்டோஸே இல்லம்மா.”

“ஓகே சார், ஸ்டார்ட் பட்டனை க்ளிக் பண்ணுங்க.”

நான்கெல்லை சொல்லாத பத்திரத்தைச் சார்பதிவாளர்கூடத் திருப்பி அனுப்புவார். தாங்கள் அந்தச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் அப்பாற்பட்டவர்கள். சர்வே எண்கூடச் சொல்லாமலே கிரயம் முடித்துவிட்டீர்கள்.

தம்பி போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளை டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த மேக் முகவரியை அப்படியே என் டப்பாவின் வான் போர்ட்டுக்குச் சூட்டி, டிஹெச்சிபியில் வைத்தேன். அடுத்த நொடி லைன் வந்துவிட்டது. லைனைப் பழைய பட்டாதாரர் பெயரில் பூட்டி வைத்துவிட்டு, புதியவனிடம் “உங்க டப்பா சரியில்ல” என்று சொல்லியிருக்கிறீர்கள். மாஸ்க்கும் கேட்வேயும் கேளாமலே வந்து விழுந்தன. தங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாத எண்கள் தங்கள் சர்வருக்கு மட்டும் தெரிந்திருக்கின்றன. அடுத்த பதவி உயர்வை அதற்கே கொடுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

கூடவே என் பட்டா எண்ணும் வந்தது. 100.88 என்று தொடங்கியது.

ஐயா, இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் தலையில் கைவைத்திருப்பார்கள். 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை உள்ள சுமார் 42 லட்சம் முகவரிகளை, இணையத்தின் விதிகளை எழுதும் ஐஇடிஎஃப், 2012 ஏப்ரலில் தங்களைப் போன்ற நிறுவனங்களின் உள்வேலைக்கென்று ஒதுக்கிவைத்தது. வெளியுலகிலிருந்து ஒரு பாக்கெட்கூட அந்த முகவரியைத் தேடி வராது. ஆளுக்கொரு நிறுவனம் அதே எண்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொள்ளலாம். அதாவது மேய்க்கால் புறம்போக்கு. அதில் எனக்கு நிரந்தரப் பட்டா! வெளியிலிருந்து பார்த்தால் என் முகவரியாகத் தெரிவது வேறொன்று. அதில் என்னோடு இன்னும் எத்தனை குடும்பம் இருக்கிறதோ தெரியாது. கூட்டுப் பட்டா. பங்காளிகள் யாரென்று தெரிந்தால் பொங்கலுக்கு ஒரு கரும்பாவது அனுப்பிவைப்பேன்.

தங்கள் மேலாளரை ஒருவழியாகப் பிடித்துக் கேட்டேன். “ஸ்டாட்டிக்தானே கேட்டீங்க? அது மாறவே மாறாது சார். பப்ளிக் ஐபி தனி பிளான்” என்றார். அவர் சொன்னதில் பொய்யே இல்லை. புறம்போக்கும் இடம் மாறாதுதான்.

தங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஐபிவி4 முகவரி 32 பிட். மொத்தமே சுமார் 429 கோடி. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து பெரிய தொகுதிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஆசிய பசிபிக் பகுதியின் ஏப்நிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல் கடைசித் தொகுதியிலிருந்து கிள்ளித்தான் கொடுக்கிறது. நிலம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். நிலம் இல்லாதவர் இல்லை என்று சொல்லலாம். பட்டா விற்பனை என்று பலகை மாட்டக் கூடாது.

ஐபிவி6 கேட்டேன். 128 பிட். ஒரு வீட்டுக்கு /56 என்று கொடுத்தாலே 256 உட்பிரிவு தேறும். பேரன் பேத்திவரை பாகம் பிரிக்கலாம். உலகம் 2012 ஜூன் 6 அன்று விழா எடுத்துத் தொடங்கிவைத்த சமாச்சாரம். தங்கள் ஹெல்ப்லைனில், “அது 5ஜியில வரும் சார்” என்றார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். கட்சிக்காரர்களின் சர்வர், முன்கூட்டிப் பதிந்துவைத்த ஒரே ஐபியைத்தான் உள்ளே விடும். என் உதவியாளர் ஊரிலிருந்து வயர்கார்டு விபிஎன் வழியாக என் வீட்டுக்குள் வந்து, இங்கிருந்து அந்த சர்வருக்குப் போகவேண்டும். வெளியிலிருந்து வர வழியும் இல்லை, வெளியே போனால் முகவரி என்னுடையதும் இல்லை. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போட வேண்டும். போடாவிட்டால் தாமதக் கட்டணம் என் கட்சிக்காரர் தலையில், திட்டு என் தலையில். எதற்கு இந்த ஏமாற்று வேலை? காசு வாங்கும்போது என்ன விற்கிறோம் என்று ஒரு வரி எழுத உங்களுக்குக் கை வலிக்கிறதா? எழுதினால் எவனும் வாங்க மாட்டான் என்று தெரியும், அதனால்தான் எழுதவில்லை. தெரிந்தே செய்கிற மோசடி இது. அதைக் கேட்கிறவனை டப்பாக்காரன் என்று சிரிக்க ஒரு வாட்ஸ்அப் குழு வேறு.

பொறுத்தருள்க. சொல் தடித்துவிட்டது. தங்கள் கருணையை நம்பி, ஜமாபந்தியில் மனு நீட்டும் குடியானவனின் பணிவோடு கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்:

1. உண்மையான பப்ளிக் ஐபி ஒன்று. கூடவே மாஸ்க், கேட்வே இரண்டும் எழுத்தில். /30 கொடுத்தாலும் போதும். நான்கு முகவரியில் முதலும் கடைசியும் ஆகாது. நடுவில் உள்ள இரண்டில் ஒன்று தங்கள் கேட்வேக்கு, ஒன்று எனக்கு. அண்ணன் தம்பி போல இருப்போம்.

2. வெள்ளை டப்பாவை பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுத்து, மேக் பூட்டை என் டப்பாவின் பெயருக்கு மாற்றித் தருதல். பட்டா மாறுதல் என்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.

3. வாடிக்கையாளரைக் கேட்காமல் அவருக்குத் திருப்தி அளிப்பதை நிறுத்துதல்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிப்படி, புகாருக்கு மேலே மேல்முறையீட்டு அமைப்பு ஒன்று தங்களிடம் இருந்தாக வேண்டும். தங்கள் இணையதளத்தின் அடிக்கோடியில், எறும்பு எழுத்தில், அதன் முகவரியைக் கண்டெடுத்துவிட்டேன். இம்மனுவின் நகல் அங்கும் போகிறது.

மேற்கண்ட எதுவும் இயலாதென்றால் கட்டிய பணத்தை, 18 சதவீதத்தையும் சேர்த்து, திருப்பி அனுப்பிவிடுங்கள். என் வங்கிக் கணக்கு எண் தங்களிடம் இருக்கிறது. அது ஸ்டாட்டிக், எனக்கு மட்டுமே உரியது, வெளியிலிருந்து யார் பணம் போட்டாலும் வந்து சேரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
டப்பாக்காரன்