எங்கே வைக்க, என்ன பெயரில்?

கணினிக்கு மென்பொருள் எழுதும் ஒருவருக்கு, கோப்பைத் திறக்கும் ‘ஓப்பன்’ பெட்டியையும் ‘சேவ் ஆஸ்’ பெட்டியையும் அதில் சேர்ப்பது இன்று ஐந்து நிமிட வேலை. எலக்ட்ரான் என்ற கருவியில் எழுதினால் ஒரு வரி போதும். டாட்நெட் என்றால் மூன்று நான்கு வரி. எங்கள் காலத்தில் இதே பெட்டிக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தோம். பாடுபட வேண்டியிருந்த நாளில் அந்தப் பெட்டி இல்லாத மென்பொருளை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள். ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த நாளில், புதிதாக வரும் மென்பொருள்கள் பலவற்றில் அந்தப் பெட்டியே காணோம். இந்தத் தலைகீழ் மாற்றம் என்னை உண்மையாகவே வருத்துகிறது.

1990-இல் வந்த விண்டோஸ் 3.0 இந்தப் பெட்டியை நமக்குத் தரவில்லை. அவரவர் மென்பொருளுக்கு அவரவரே வரைந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டியலில் கோப்புகளின் பெயர்களை நிரப்ப ‘டிஎல்ஜிடிர்லிஸ்ட்’ என்று ஒரு கட்டளை இருந்தது. அது கோப்புகளையும் கோப்புறைகளையும் ஃப்ளாப்பி டிரைவையும் ஒரே பட்டியலில் கொட்டிவிடும். டிரைவ் என்றால் சதுர அடைப்புக்குள் [-ஏ-] என்று நிற்கும். எதைச் சொடுக்கினார்கள், அது கோப்பா கோப்புறையா, கோப்புறை என்றால் உள்ளே போய்ப் பட்டியலை மறுபடி நிரப்புவது, மேலே வரும் வழி என்ன என்று எல்லாம் நம் பொறுப்பு. ஆப்பிளின் மேக்கின்டாஷில் 1984 முதலே இந்தப் பெட்டி இயங்குதளத்தோடு வந்துவிட்டது. விண்டோஸ் பக்கம் இருந்த நாங்கள் ஆளுக்கொரு பெட்டி செய்துகொண்டிருந்தோம். ஒன்றில் ‘ஓகே’ வலப்பக்கம் இருக்கும், இன்னொன்றில் அடியில் இருக்கும். ஒரு மென்பொருளில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும்.

1992-இல் விண்டோஸ் 3.1 வந்தபோது ‘காமன் டயலாக்’ என்ற டிஎல்எல் கூடவே வந்தது. எல்லா மென்பொருளுக்கும் பொதுவான பெட்டி. ‘கெட்ஓப்பன்ஃபைல்நேம்’, ‘கெட்சேவ்ஃபைல்நேம்’ என்று இரண்டே அழைப்புகள். ஆனால் அழைப்பதற்கு முன் ஒரு நீளமான விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். எந்தச் சாளரத்தின் மேல் பெட்டி திறக்க வேண்டும், எந்த வகைக் கோப்புகளைக் காட்ட வேண்டும், கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் வால்பகுதியைப் பயனர் எழுதாவிட்டால் எதைச் சேர்க்க வேண்டும், பெயரை எழுதித் தர எத்தனை எழுத்துக்கு இடம் வைத்திருக்கிறோம் என்றெல்லாம் சொல்ல வேண்டும். கோப்பு வகைகளைச் சொல்லும் வரியில் ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு பூச்சியக் குறி, கடைசியில் இரண்டு. அந்த இரண்டாவதை மறந்தால் வகைப் பட்டியலில் நினைவகக் குப்பையெல்லாம் எட்டிப் பார்க்கும்.

அந்தப் பெட்டியைப் பற்றிப் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்று உண்டு. அது எதையும் சேமிப்பதில்லை. பயனரிடம் இடத்தையும் பெயரையும் கேட்டு வாங்கி நம் கையில் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கோப்பைத் திறப்பதும், எழுதுவதும், வட்டில் இடம் இல்லாவிட்டால் அதைச் சொல்வதும் நம் வேலை.

விஷுவல் பேசிக் கற்றவர்களுக்கு வேறு வழி இருந்தது. டிரைவுக்கு ஒரு பட்டியல், கோப்புறைக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று என்று மூன்றை எடுத்து வைத்து, ஒன்றை மாற்றினால் மற்றது மாறும்படி இரண்டு வரி எழுதுவார்கள். தொண்ணூறுகளில் கணினிப் பயிற்சி மையங்களுக்குப் போனவர்களில் இந்தப் பயிற்சியைச் செய்யாதவர்கள் குறைவு. டிரைவ் பட்டியலில் ஃப்ளாப்பியைத் தொட்டு, உள்ளே ஃப்ளாப்பி இல்லாவிட்டால் 68-ஆம் எண் பிழை வந்து நிரல் நின்றுவிடும். பிறகு காமன் டயலாக்கையே விஷுவல் பேசிக்கில் இழுத்து வைக்க முடிந்தது. அதிலும் ‘கேன்சல்’ அழுத்தினால் என்ன ஆகும் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டால் 32755 என்ற எண்ணோடு ஒரு பிழையாக வந்து நிற்கும். வேண்டாம் என்று ஒருவர் சொல்வதைப் பிழையாக எண்ணியது அந்தக் காலத்துப் பொறியியல்.

நான் மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களில் சிவகாசி அச்சகக்காரர்கள் அதிகம். ஓர் அச்சகத்தில் உரிமையாளர் வந்து என் பக்கத்தில் நிற்பார்.

“தம்பி, போன ஆவணியில அடிச்ச ராசபாளையத்துக் கல்யாணப் பத்திரிகை இருக்குல்ல, அதை எடுங்க. அதே டிசைன்தான் இந்தப் பார்ட்டியும் கேக்காங்க.”

“என்ன பேர்ல வச்சிருக்கீங்க அண்ணாச்சி?”

“பேரு எனக்கு எங்க தெரியும்? மாப்பிள்ளை பேரு முருகன்.”

கோப்பின் பெயருக்கு எட்டே எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று. அவ்வளவுதான் அன்று இடம். முருகன் என்பதை ஆங்கில எழுத்தில் அடக்கிப் பின்னால் 01, 02 என்று போட்டுக்கொண்டு போனால், ஒரே முகூர்த்தத்தில் நான்கு முருகன்கள் வந்துவிடுவார்கள். அந்த அச்சகத்தில் டைப் செய்த அக்கா ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். இடப்பக்கம் கோப்பின் பெயர், வலப்பக்கம் மணமக்கள் பெயர், ஊர், தேதி. பெட்டி திறக்கும்போதெல்லாம் நோட்டும் திறக்கும். தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று கேட்டால் அதற்கும் வழியில்லை. அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. பத்திரிகைக்குள் அழகான தமிழாகத் தெரிவது, பெயர்க் கட்டத்தில் விண்டோஸின் சொந்த எழுத்துருவில் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக நிற்கும். தமிழ்ப் பத்திரிகை அடிக்கும் ஊரில் தமிழ்க் கோப்புக்குத் தமிழ்ப் பெயர் கிடையாது.

அந்த அச்சகத்தில் கணக்குக்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்த ஒரு மென்பொருளும் இருந்தது. அதன் சேமிப்புப் பெட்டி, ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கொடுத்தால் கேள்வியே கேட்காது. பழைய கோப்பின் மேல் புதியதை எழுதிவிடும். காமன் டயலாக்கில் ‘மேலெழுதவா?’ என்று கேட்க வைக்கும் கொடி ஒன்று இருக்கிறது. அதை நிரலாளர் கேட்டு வாங்க வேண்டும். வாங்காமல் விட்டிருந்தார்கள். ஒரு தீபாவளிச் சீசனின் கணக்கு அப்படிப் போனது. இன்றைக்கு டாட்நெட்டில் அந்தக் கேள்வி தானாகவே கேட்கப்படும். வேண்டாம் என்றால்தான் நாம் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டு முன்னேற்றத்தில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான்.

1995-இல் நீண்ட பெயர்கள் வந்தன. 255 எழுத்து வரை வைக்கலாம். அக்காவின் நோட்டு மெல்ல மேசைக்கு அடியில் போனது. விண்டோஸ் 2000 யூனிகோடு தமிழையும் லதா எழுத்துருவையும் கொண்டுவந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் சிடியைப் போட்டு, சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவை நிறுவிய பிறகு, கோப்புக்கு ‘முருகன் வள்ளி திருமணம் இராஜபாளையம்’ என்று பெயர் வைக்க முடிந்தது. அது திரையில் தமிழாகவே தெரிந்தபோது அந்த அறையில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

ஆனால் விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய மென்பொருளின் பெட்டி வழியாக அந்தக் கோப்பைத் திறக்கப் போனால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். காரணம் எளிது. விண்டோஸில் எழுத்துகளைக் கையாளும் அழைப்புகளுக்குப் பொதுவாக இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பழைய எட்டு பிட் எழுத்துத் தொகுதிக்கு, இன்னொன்று யூனிகோடுக்கு. பழைய தொகுதிகளில் ரஷ்ய மொழிக்கு இடம் இருந்தது, கிரேக்கத்துக்கு இருந்தது. விண்டோஸில் தமிழுக்கென்று அப்படி ஒரு தொகுதி இருந்ததே இல்லை. யூனிகோடு ஒன்றுதான் தமிழுக்கு வழி. பழைய வடிவத்தை அழைத்த மென்பொருளுக்கு ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாக மாறி வந்தது. கோப்பின் பெயரில் கேள்விக்குறிக்கு விண்டோஸ் அனுமதி தராது என்பதால், அந்தப் பெயரே செல்லாது என்று பதில் வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், திறக்க முடியாது. யூனிகோடு வடிவத்தை நேரடியாக அழைத்து எழுதிய பிறகுதான் என் மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் திறந்தன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்குப் பல ஆண்டுகள் பின்னும், பில் போடும் மென்பொருள்களில் அந்தக் கேள்விக்குறி வரிசையை நான் பார்த்திருக்கிறேன்.

மின்வெட்டுக் காலமும் ஒன்று கற்றுக் கொடுத்தது. சேமிக்கும் நொடியில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. அதனால் புதிய உள்ளடக்கத்தை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பழையதோடு இடம் மாற்ற வேண்டும். விண்டோஸ் 2000 முதல் இதற்கென்றே ‘ரீப்ளேஸ்ஃபைல்’ என்ற அழைப்பு இருக்கிறது. பெட்டி அழகாக இருந்து, அதற்குப் பின்னால் இந்த ஒழுங்கு இல்லையென்றால், அந்தப் பெட்டியால் பயனில்லை.

இனி இன்றைய நிலை. ஆப்பிள் 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் வெளியீட்டில் தன் மென்பொருள்களிலிருந்து ‘சேவ் ஆஸ்’ என்பதையே எடுத்துவிட்டு, ‘டூப்ளிகேட்’ என்று ஒன்றை வைத்தது. தானாகச் சேமிக்கும், நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்பது எண்ணம். மறு ஆண்டே ‘சேவ் ஆஸ்’ திரும்பி வந்தது. ஆனால் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மெனுவைப் பார்த்தால்தான் தெரியும். லினக்ஸில் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஜிடிகே என்ற கருவித்தொகுப்பின் பெட்டிக்குள் படங்களைச் சிறு உருவங்களாக வரிசையில் காட்டுங்கள் என்று 2004-இல் கேட்டார்கள். 2023-இல் வந்த 4.10 வெளியீட்டில்தான் கிடைத்தது. நாங்கள் ஏங்கிய வசதிகள் ஒவ்வொன்றாக நிறைவேறிய அதே ஆண்டுகளில், எழுதியது எங்கே போகிறது என்று கேட்காத மென்பொருள்கள் பெருகின. தானாகச் சேமிப்பதை நான் மதிக்கிறேன். மின்வெட்டில் எழுதியதை இழந்தவர்களின் முகத்தைப் பார்த்தவன் அதை எதிர்க்க முடியாது. ஆனால் தானாகச் சேமிப்பது வேறு, எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் இருப்பது வேறு. என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரிடம் “ஃபைலை எங்கேப்பா வச்ச?” என்று கேட்டேன். “தெரியல சார், பேரைத் தேடுனா வந்துரும்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கே வைக்க என்று எந்த மென்பொருளும் அவரிடம் கேட்டதில்லை.

அக்கா வைத்திருந்த நோட்டில் கோப்பின் பெயரும் இடமும் அவர் முடிவாக இருந்தன. எட்டெழுத்துச் சிறைக்குள்ளும் அந்த முடிவு அவருடையது. ஃப்ளாப்பியில் போட்டு அடுத்த அச்சகத்துக்குக் கொண்டுபோகவும் அவரால் முடிந்தது. இன்று பெயரை நீளமாக வைக்கலாம், தமிழில் வைக்கலாம், நூறாயிரம் கோப்பு வைக்கலாம். மென்பொருளுக்குச் சந்தா நின்றால் கோப்பு எந்த வடிவில் யாரிடம் இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

இன்னொரு பக்கம் அந்தப் பெட்டி முன்பு இல்லாத ஒரு பொறுப்பையும் ஏற்றிருக்கிறது. மேக்கிலும், லினக்ஸின் ஃபிளாட்பேக்கிலும் பாதுகாப்புக்காகத் தனியாக அடைத்து வைக்கப்பட்ட மென்பொருளுக்கு உங்கள் கோப்புகளைத் தானாகத் தொட உரிமை இல்லை. இயங்குதளமே பெட்டியைத் தனியாகத் திறக்கிறது. நீங்கள் எந்தக் கோப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கு மட்டும் அனுமதி போகிறது. இணைய உலாவிக்கும் அதே வழி வந்துவிட்டது. 2020-இல் குரோம் 86 முதல், ஒரு வலைப்பக்கம் நீங்கள் தேர்ந்தெடுத்த கோப்பைத் திறந்து அதே இடத்தில் சேமிக்க முடிகிறது. கோப்பே வேண்டாம் என்று கிளம்பிய உலாவி, கடைசியில் 1984-இன் பெட்டியிடம் வந்து நிற்கிறது. நான் இதை மனமார வரவேற்கிறேன்.

இப்போது மென்பொருள் எழுதத் தொடங்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். தானாகச் சேமியுங்கள், மேகத்திலும் வையுங்கள். கூடவே ‘சேவ் ஆஸ்’ பெட்டியையும் மெனுவில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். இயங்குதளம் தரும் பெட்டியையே பயன்படுத்துங்கள், சொந்தமாக வரையாதீர்கள். ‘கேன்சல்’ அழுத்தினால் எதுவும் மாறக் கூடாது. பிற மென்பொருளும் படிக்கும் வடிவம் ஒன்றையாவது வகைப் பட்டியலில் சேருங்கள். வெளியிடுவதற்கு முன், இடைவெளியோடு கூடிய ஒரு நீளமான தமிழ்ப் பெயரில், தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புறைக்குள் ஒரு கோப்பைச் சேமித்து, மென்பொருளை மூடி, மறுபடி திறந்து பாருங்கள். அது திறந்தால் மட்டும் வெளியிடுங்கள்.