சஸ்பென்ஸை உடைக்காதவர்

“சஸ்பென்ஸை உடைக்க மாட்டேன்” என்று துப்பறியும் நாவல் சிபாரிசு செய்கிறவர் ஆரம்பிக்கும்போதே பாதி உடைந்துவிடுகிறது. மீதியை உடைக்க அவருக்கு ஒரு வாய்க் காப்பி நேரம் போதும். “அந்தக் கணக்குப்பிள்ளையை மட்டும் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லலை.” சொல்லவில்லைதான். கணக்குப்பிள்ளைதான் கொலைகாரர் என்று அவர் வாயிலிருந்து வரவே இல்லை. இவரைக் கோர்ட்டில் நிறுத்தினால் சாட்சியம் போதாமல் விடுதலை ஆகிவிடுவார். ஆனால் ஒரு எழுத்தாளர் எட்டுப் பேர் மேல் சந்தேகத்தைச் சரிசமமாகப் பங்கிட்டு, ஒவ்வொருவராக விலக்க இருநூறு பக்கம் பாடுபட்டிருக்கிறார். இவர் ஒரே மூச்சில் ஏழு பேருக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். மற்றப் புத்தகங்களைப் பற்றி எவ்வளவு பேசினாலும் படிப்பவருக்குக் கொஞ்சம் கூடுகிறது. துப்பறியும் நாவலைப் பற்றி எதைப் பேசினாலும் குறைகிறது. அங்கே பாராட்டும் ஒரு தடயம்தான். இந்தச் சின்ன வித்தியாசம் நாற்பது வருடமாகத் துப்பறியும் கதை படிக்கிற ஒருவருக்கு மட்டும் பிடிபடாமல் போவதுதான் பெரிய மர்மம்.

பேசினால்தான் இப்படி, பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவருடைய மௌனம் பேச்சைவிட ஆபத்தானது. “எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?” என்று விசாரிப்பார். நூற்று முப்பது என்று சொன்னால், “ஓ, அப்ப இன்னும் வரலை” என்பார். எது வரவில்லை? அதைச் சொல்ல மாட்டார், கொள்கை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு பக்கத்தையும், பஸ் ஸ்டாண்டில் வராத பஸ்ஸுக்கு எட்டிப் பார்க்கிற மாதிரி எட்டி எட்டிப் பார்த்தே படிக்க வேண்டும். பொறுக்க முடியாமல் “அந்த மருமகள்தானே?” என்று கேட்டுவிட்டால் போயிற்று. ஊகம் தப்பாக இருந்தால் நிம்மதியாகச் சிரித்து, “படிங்க, படிங்க” என்பார். சரியாக இருந்தால், ஓயாமல் பேசுகிற மனிதருக்கு அப்போதுதான் தண்ணீர் தாகம் எடுக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மின்விசிறியைப் பார்ப்பார், இந்த வருஷம் மழை எப்படி என்று கேட்பார். குரைக்க வேண்டிய நேரத்தில் ஒரு நாய் குரைக்கவில்லை என்பதை வைத்தே ஷெர்லாக் ஹோம்ஸ் ஒரு வழக்கை நகர்த்தினார் (எந்தக் கதை என்று சொல்லப் போவதில்லை). நம்மவர் மழையைப் பற்றிப் பேசினால் மருமகளுக்குத் தூக்கு நிச்சயம் என்று கண்டுபிடிக்க ஹோம்ஸ் வேண்டாம், வாட்சனே போதும்.

ஒப்பிட்டுச் சிபாரிசு செய்வது இதைவிடக் கொடுமை. “இது அப்படியே ரோஜர் அக்ராய்ட் மாதிரி சார்” என்பார். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய அந்த நாவலைப் படித்தவருக்கு, கையில் இருக்கிற புதுப் புத்தகம் அங்கேயே முடிந்தது. படிக்காதவருக்குப் புதுப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தோடு அக்ராய்டும் சேர்ந்து முடிந்தது. ஒரே வாக்கியம், இரட்டைக் கொலை, ஆயுதம் கிடைக்கவில்லை. “கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு, அதை மட்டும் சொல்ல மாட்டேன்” என்பதும் இந்த ரகம்தான். ட்விஸ்ட் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, நூற்றெண்பதாம் பக்கத்தில் ஒருவர் கைதாகும்போது யார் நம்புவார்கள்? நம்பினால்தானே ஏமாற முடியும்? ஏமாறுவதற்குத்தானே காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியது?

எழுதுகிறவர்களுக்கு இந்தத் துறையில் கட்டுப்பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அமெரிக்காவில் வான் டைன் 1928இல் துப்பறியும் கதைக்கு இருபது விதி எழுதினார். மறு வருடம் இங்கிலாந்தில் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் பத்துக் கட்டளை போட்டார். 1930இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே வைத்து, சேருகிறவர்களிடம் வாசகரை மோசம் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். சிபாரிசு செய்கிறவருக்கு ஒரு விதி உண்டா? கிடையாது. 1952 நவம்பர் 25இல் லண்டனில் மேடையேறி, கொரோனா காலத்தில் நின்றது தவிர, இன்னும் நடந்துகொண்டிருக்கும் கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களை நடிகர்களே கேட்டுக்கொள்வார்கள். அந்த நாடகத்தைச் சுற்றி ஒரு கட்டுக்கதை உலவுகிறது: தியேட்டர் வாசலில் இறங்கியவர் டிப்ஸ் கொடுக்காமல் போக, டாக்ஸிக்காரர் கோபத்தில் கொலைகாரன் யார் என்று கத்திவிட்டுப் போய்விட்டாராம். அந்த டாக்ஸிக்காரருக்காவது ஒரு நியாயம் இருந்தது. நம்மவர் டிப்ஸ் எதிர்பார்க்காமல், முழுக்க முழுக்க அன்பினால் செய்கிறார்.

அவர் தரப்பிலும் வாதங்கள் இல்லாமல் இல்லை. ராவணன் செத்துப்போவான் என்று தெரிந்துதானே ராமாயணம் கேட்கிறோம் என்பார். நல்ல கேள்வி. ஆனால் ராவணனை யார் கொன்றது என்பதைக் கம்பர் ஒளித்து வைக்கவில்லை. கேட்கிறவருக்கும் பாடுகிறவருக்கும் முடிவு தெரியும் என்ற உடன்பாட்டில்தான் அந்தக் கச்சேரியே நடக்கிறது. துப்பறியும் நாவலின் உடன்பாடு வேறு: ஒருவர் ஒளிப்பார், மற்றவர் தேடுவார். நடுவில் ஒருவர் வந்து கட்டிலுக்கு அடியில் பாருங்க என்றால் அதற்குப் பெயர் ரசனையா? விவரம் தெரிந்த சிலர் அமெரிக்க ஆராய்ச்சியைக் காட்டுவார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே படிக்கக் கொடுத்தது சிறுகதைகள், அரை மணி நேர வேலை. நாலு ராத்திரி தூக்கம் கெடுத்துப் படிக்கிற நாவலுக்கு அது எப்படிப் பொருந்தும்? பின்னால் வந்த ஆய்வுகளில் நேர்மாறான முடிவும் வந்திருக்கிறது. அதை இவர்கள் சொல்வதில்லை. ஆச்சரியம், ஒரு விஷயத்தையாவது ரகசியமாக வைத்திருக்கிறார்கள். கொலைகாரனை ஆரம்பத்திலேயே காட்டிவிடும் நாவல்கள் இல்லையா என்றும் கேட்கலாம். இருக்கின்றன. பிரான்சிஸ் ஐல்ஸின் ‘மேலிஸ் அஃபோர்தாட்’ 1931லேயே அப்படித் தொடங்கியது. ஜப்பானில் கெய்கோ ஹிகாஷினோ 2005இல் எழுதிய ‘சஸ்பெக்ட் எக்ஸ்’ நாவலில் கொலை நம் கண் முன்னாலேயே நடக்கிறது. இந்த மாதிரிப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தால் பிழைத்தோம் என்று நினைத்தால், “கொலை பெரிசில்லை சார், அதை மறைச்ச விதம் இருக்கே...” என்று அந்த விதத்தையே விவரிக்க ஆரம்பித்துவிடுவார்.

தமிழில் அவர் கை கொஞ்சம் கட்டுப்பட்டிருந்த காலம் ஒன்று உண்டு. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ குமுதத்தில் தொடராக வந்தபோது, துப்பறிகிற கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம், அவருடைய உதவியாளர் வசந்த் பேயின் பக்கம் என்று நின்ற சண்டையில் ஜெயித்தது யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் கடைக்கு வரும்வரை எல்லாரும் சமம். அதே கதை புத்தகமாக வந்ததும் இவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். லெண்டிங் லைப்ரரிப் புத்தகத்தில் இருபதாம் பக்கத்திலேயே ஒரு பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு ‘இவன்தான்’ என்று எழுதிவைத்த புண்ணியவான் இவருடைய முன்னோடி. தேவனின் துப்பறியும் சாம்புவிடம் மட்டும் இவர் பாச்சா பலிக்காது. சாம்பு அசட்டு அதிர்ஷ்டத்தால் ஜெயிப்பார் என்பது எல்லாருக்கும் தெரியும், உடைக்க அங்கே சஸ்பென்ஸே இல்லை. ராஜேஷ்குமாரிடமும் திணறுவார். ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நாவல் எழுதியவரிடம் எந்தக் கொலைகாரன் எந்த நாவல் என்பது குழம்பி, உறுதியான குரலில் தவறான ஆளைச் சொல்லிவிடுவார். எழுத்தாளர் வைத்த பொய்த்தடத்தைவிட அது பிரமாதமாக வேலை செய்யும்.

வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்ட் பண்ணிய பழைய தொடர்கதையில் கடைசி அத்தியாயம் மட்டும் காணாமல் போயிருக்கும்போது, உலகத்திலேயே வேண்டிய மனிதர் இவர்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் இவரிடம் போனால் கண்ணில் தண்ணீர் வராத குறையாக முழுக் கதையையும் சொல்வார், கொலைகாரனின் சட்டை நிறம் வரைக்கும். முப்பது வருடத்துக்கு முன் ஒரு ராத்திரியில் தனக்குக் கிடைத்த அதிர்ச்சியை யாரோடாவது பங்கு போட வேண்டும் என்ற தவிப்புதான் அவருக்கு. அதிர்ச்சியைப் பங்கு போட முடியாது என்பதுதான் சங்கடம். மறுபடி படிக்கலாமே, தடயங்களை எப்படி வைத்திருக்கிறார் என்று பார்க்கலாமே என்று அவர் சொல்வது சரிதான். மறுவாசிப்பு தனி ருசி. ஆனால் அவர் முதல் தடவையும் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார். நமக்கு இரண்டாம் தடவையை மட்டும் விட்டுவைத்தார். பந்தியில் பாயசத்தைத் தான் குடித்துவிட்டு நமக்கு இலையைக் காட்டுவதை நட்பு என்று ஏன் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் போதும் ஐயா. பிடித்தால் புத்தகத்தையே கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். இப்படித்தான் செய்ய வேண்டும்: வில்கி காலின்ஸ், ‘மூன்ஸ்டோன்’. கானன் டாயில், ‘ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்’. கிறிஸ்டி, ‘அண்ட் தென் தேர் வேர் நன்’. செய்ஷி யோகோமிசோ, ‘ஹொன்ஜின் மர்டர்ஸ்’. சுஜாதா, ‘நைலான் கயிறு’. இந்த வரிசைக்கு எந்த உள்ளர்த்தமும் கிடையாது.