பணம் கட்டலாம், மார்க் கேட்கக்கூடாது

நோவை, மிச்சிகன்
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். நீயும் அத்தானும் சௌக்கியமாக இருக்க உலகம்மையை வேண்டிக்கொள்கிறேன்.

தபால்காரர் கையில் வெளிநாட்டுக் கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. வாட்ஸ்அப்பில் நம் குடும்பக் குழுவில் எழுதினால் உன் மருமகள் படித்துவிடுவாள், அவ்வளவுதான். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போய் எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தவன் நான்தானே. இப்போது அவளுக்குத் தெரியாமல் நாலு வரி எழுதத் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

போன வாரம் மகளை ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். 1817இல் டெட்ராய்ட்டில் ஆரம்பித்து, 1837இல் இந்த ஊருக்கு மாறிய பழைய பல்கலைக்கழகம். போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று 1955 ஏப்ரலில் உலகத்துக்கு அறிவித்த அரங்கம் அங்கேதான் இருக்கிறது. இதையெல்லாம் கடையில், ஆபீசில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. 'மிச்சிகன் அப்பா' என்று நெஞ்சில் எழுதிய சட்டையும் வாங்கிவிட்டேன். கருநீலத்தில் மக்காச்சோள மஞ்சள். அதைப் போட்டுக்கொண்டுதான் இங்குள்ள பெருமாள் கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் சடாரி வைத்துக்கொண்டே 'கோ ப்ளூ' என்றார். அது அந்தப் பல்கலைக்கழகத்துக்காரர்களின் கோஷம். பெருமாளும் நம் கட்சி என்று வைத்துக்கொண்டேன். அத்தானுக்கும் ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், 'மிச்சிகன் மாமா' என்று கிடைக்கவில்லை.

நம் வீட்டிலிருந்து அங்கே சுமார் 40 கிலோமீட்டர். தென்காசியிலிருந்து திருநெல்வேலி போவதைவிடக் கிட்டம். அப்புறம் எதற்கு ஹாஸ்டல், வீட்டிலிருந்தே போய்வரலாமே என்று அத்தான் கேட்பார். நானும் அதையேதான் கேட்டேன். அதன் பிறகு வீட்டில் எனக்குச் சாப்பாடு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை.

இங்கே காலேஜில் இடம் வாங்க மார்க் மட்டும் போதாது அக்கா. 650 வார்த்தைக்கு மிகாமல் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். பட்ட கஷ்டம், அதில் கற்ற பாடம், இப்படி எதையாவது. இவளுக்கு ஏது கஷ்டம்? இன்டர்நெட் நின்றுபோன ஒரு சாயங்காலத்தைத் தவிர வேறு துன்பம் கண்டதில்லை. கோடை முழுக்க யோசித்துக் கடைசியில் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்தாள். அது நான்தான். சிநேகிதிகள் எல்லாம் இழுத்துப் போர்த்தித் தூங்கும் சனிக்கிழமைக் காலையில், ஒரு மனிதர் தன்னை எழுப்பிப் பனியில் காரோட்டி 'ழ' சொல்லிப் பழக அழைத்துப் போன கொடுமையை உருக்கமாக எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டியபோது அவள் அம்மா கண்ணீர் விட்டாள். யார் பக்கம் நின்று அழுதாள் என்று இதுவரை எனக்கு விளங்கவில்லை. எப்படியோ, இடம் கிடைத்துவிட்டது. அதில் என் பங்கும் இருக்கிறது என்பதை நீ ஊரில் நாலு பேரிடம் சொல்லலாம்.

சொன்னதும், 'என்ன படிக்கிறாள்?' என்று கேட்பார்கள். அங்கேதான் சிக்கல். இங்கே சேரும்போதே அதைச் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டாவது வருஷக் கடைசிக்குள் முடிவு செய்தால் போதுமாம். அதுவரை கொஞ்சம் வானசாஸ்திரம், கொஞ்சம் பொருளாதாரம், ஜப்பானிய நாடகம் என்று மேய்ந்து பார்க்கலாம். நமக்கெல்லாம் கட்-ஆஃப் என்ன சொன்னதோ அதுதானே படிப்பு. நீ பேசாமல் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லிவிடு. யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

பணம் எப்படி என்று அத்தான் கவலைப்படுவார். நீங்கள் பேத்திக்குத் தபாலாபீசில் செல்வமகள் கணக்கு போடுகிறீர்களே, அந்த மாதிரி இங்கே வருமான வரிச் சட்டத்தின் 529ஆம் பிரிவில் ஒரு சேமிப்பு உண்டு. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆரம்பித்தேன். இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணம், வெளி மாநிலத்தாருக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே. இத்தனை வருஷம் இந்தக் குளிரில் பனி வாரிக் கொட்டியதற்கு அதைத்தான் கூலியாக எடுத்துக்கொண்டேன். உதவிப் பணத்துக்கு அரசாங்கப் படிவம் ஒன்று இருக்கிறது. சம்பளம், வங்கி இருப்பு, முதலீடு என்று வெங்காயம் உரிக்கிற மாதிரி என்னை உரித்துப் பார்த்தது. கடைசியில் கிடைத்த உதவி: 'கடன் வாங்கிக்கொள்ளலாம்.'

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது பணத்துக்காக இல்லை, மார்க்குக்காக.

1991இல் என் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பேப்பரில் நம்பர் வந்தது. நாம் பார்க்கும் முன்னால் டீக்கடையில் பார்த்துவிட்டார்கள். மார்க் ஷீட் வந்த அன்றைக்கு, கணக்கில் என்ன, பிசிக்ஸில் என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் பால்காரர் பாலையே ஊற்றினார். 1200க்கு எவ்வளவு என்பது நான் வாய் திறக்காமலே சங்கரன்கோவில் சித்தி வீடுவரை போய்ச் சேர்ந்தது. கெமிஸ்ட்ரியில் குறைந்ததற்கு, என்னைப் பார்த்தே இராத ஒருவர் கல்யாண வீட்டில் துக்கம் விசாரித்தார்.

இங்கே 1974இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். சுருக்கமாக ஃபெர்பா என்பார்கள். பிள்ளை காலேஜில் காலெடுத்து வைத்துவிட்டால், பதினெட்டு முடியாவிட்டாலும் சரி, அதன் படிப்புப் பதிவேடுகளுக்கு உரிமை அதற்குத்தான். பெற்றவன் போன் போட்டு என்ன மார்க் என்று கேட்டால், 'உங்கள் மகளைக் கேளுங்கள்' என்று மரியாதையாகச் சொல்லலாம். வருமான வரிக் கணக்கில் பிள்ளையை நம்மை அண்டியிருப்பவளாகக் காட்டியிருந்தால் காலேஜ் நமக்குச் சொல்லலாம் என்று ஒரு சந்து இருக்கிறது. கவனி, 'சொல்லலாம்' என்றுதான் இருக்கிறது, 'சொல்லியாக வேண்டும்' என்று இல்லை. நான் அந்தச் சந்தை எட்டிப் பார்ப்பதற்குள் அவளே, "அப்பா, ட்ரை பண்ணாதீங்க" என்றாள்.

பில்லும் அவள் பேருக்குத்தான் வருகிறது. அதை நான் பார்க்கவும் கட்டவும் அவள் கணினியில் எனக்கு அனுமதி தர வேண்டும். பெருந்தன்மையாகத் தந்தாள். கட்டணத்துக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு, மார்க் சம்பந்தப்பட்ட கட்டத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். அந்தச் சிரிப்பு அப்படியே நம் அப்பா சிரிப்பு அக்கா, பஞ்சாயத்தில் கணக்குக் கேட்டவர்களிடம் சிரிப்பாரே, அது.

கொண்டுபோய் விடுகிற நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு நேரம் குறித்துத் தருகிறார்கள். பஞ்சாங்கம் பார்த்து இல்லை, லிஃப்ட்டில் கூட்டம் சேராதபடி. எங்களுக்கு வாய்த்தது ராகுகாலம். உன் தம்பி பெண்டாட்டி ராகு போகிறவரை காரைவிட்டு இறங்கவில்லை. என்னை அப்பா கோயம்புத்தூரில் விட்டபோது ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், அடியில் பெயின்ட்டால் என் இனிஷியல் போட்ட ஒரு வாளி, அவ்வளவுதானே? இங்கே பின்சீட்டை மடக்கியும் இடம் போதவில்லை. மின்விசிறி, குட்டி ஃபிரிட்ஜ், சுவருக்குச் சீரியல் விளக்கு, மெத்தைக்கு மேலே போட இன்னொரு மெத்தை. ஹாஸ்டல் கட்டில் 80 அங்குல நீளம், வழக்கமான ஒற்றைக் கட்டிலைவிட 5 அங்குலம் கூட. அதனால் வீட்டில் இருக்கிற விரிப்பு ஒன்றும் பொருந்தாது, புதிதாக வாங்கியாக வேண்டும். உசரமான பிள்ளைகளுக்காக என்றான் கடைப் பையன். உன் மருமகள் படுத்தபின் காலடியில் ஒரு தகரப்பெட்டி தாராளமாக வைக்கலாம். ஊதுபத்தி, மெழுகுவத்தி கொளுத்தக்கூடாது என்பதால் ஊதுபத்திக் கட்டு திரும்பி வந்துவிட்டது. பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் உள்ளே போய்விட்டன. பொடியைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை, நான் படித்துப் பார்த்தேன்.

அறைத்தோழி மிச்சிகனின் மேல் தீபகற்பத்துப் பெண். இந்த மாநிலம் ரெண்டு துண்டாக இருக்கிறது. நடுவே ஜலசந்தி. 1957இல் திறந்த ஐந்து மைல் நீளப் பாலம் ஒன்றுதான் இரண்டையும் சேர்க்கிறது. அந்தப் பெண்ணின் அப்பா அதைத் தாண்டி ஆறேழு மணி நேரம் ஓட்டி வந்திருந்தார். பேஸ்டி என்று ஒரு பலகாரம் நீட்டினார். கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே பரப்பியது, மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடுவது. நாங்கள் சைவம் என்றதும் பாவம், ரொம்ப வருத்தப்பட்டார். நான் கொடுத்த முறுக்கை அங்கேயே நின்று முழுக்கத் தின்று தீர்த்தார். அப்புறம் கிளம்பும் நேரத்தில் ஆறடி மனிதர் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். நான் தட்டிக்கொடுத்தேன். என் கண் கலங்கியிருந்ததாக உன் தம்பி பெண்டாட்டி போனில் சொன்னால் நம்பாதே, அவர் தோள் என் மூக்கில் இடித்துவிட்டது.

அதற்கு முன்னால் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நடு முற்றத்தில் தரையோடு தரையாகப் பித்தளையில் ஒரு 'எம்' எழுத்து பதித்திருக்கிறது. முதல் பரீட்சை எழுதும் முன் அதை மிதித்தால் அந்தப் பரீட்சையில் ஃபெயிலாம். வழிகாட்டிய பையன் சிரித்துக்கொண்டே சொன்னாலும், சுற்றி நின்ற அத்தனை பிள்ளைகளும் ஒதுங்கித்தான் போனார்கள். பூனை குறுக்கே போனால் காரைத் திருப்புகிற நம் வீட்டம்மாவுக்கு அப்போதுதான் இந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் முழு நம்பிக்கை வந்தது. இன்னொரு கட்டடத்தின் படியில், 1960 அக்டோபரில் கென்னடி ஓட்டுக் கேட்டு வந்தபோது ராத்திரி ரெண்டு மணிக்குப் பேசினாராம். அமைதிப் படை என்ற யோசனைக்கு அங்கேதான் வித்து விழுந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் காத்திருந்து கேட்டார்களாம். எல்லோரும் கைதட்டினார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு வெளியே என்ன வேலை என்ற கேள்வி எனக்கு மட்டும்தான் வந்தது போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அவள் போன் பண்ணினால் "ஃபைன்பா" என்பதோடு சரி. உன்னோடுதான் மணிக்கணக்காகப் பேசுகிறாள். டிசம்பர் கடைசியில் முதல் மார்க் வரும். சட்டம் காலேஜின் வாயைத்தான் கட்டியிருக்கிறது, பிள்ளை தன் மார்க்கை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அத்தையிடம் கட்டாயம் சொல்வாள். நேராகக் கேட்காதே, உஷாராகிவிடுவாள். சமையலில் ஆரம்பித்து மெதுவாக வா. இங்கே மொத்தமே நாலுக்குத்தான் கணக்கு. 3.7 என்றால் பிரமாதம். நாலுக்கு மேலே எவ்வளவு என்று கேட்டு மானத்தை வாங்கிவிடாதே.

எனக்குத் தெரிவிக்கக் குழுவிலேயே எழுது, ஆனால் மார்க்கை எழுதாதே. நன்றாக இருந்தால் 'இங்கே நல்ல மழை' என்று போடு. மோசமென்றால் 'வெயில்'. ரெண்டுங்கெட்டானாக இருந்தால் 'சாரல்' என்று போடு. டிசம்பரில் குற்றாலத்தில் சாரல் ஏது என்று அத்தான் குழுவில் வாதம் பண்ணக் கிளம்பிவிடுவார், அவரை மட்டும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்.

உன் அன்புத் தம்பி