தள்ளிப்போனால் லீவா?

போட்டி தள்ளிப்போனால் வீரர்களுக்குக் கொண்டாட்டம்தானே? கூடுதலாக லீவு கிடைக்குமே! — ஸ்ரீரங்கம் வாசகர்

ஒரே உடம்பை இரண்டு முறை உச்சத்துக்குக் கொண்டுவருவது லீவா? 2011 மார்ச்சில் டோக்கியோவில் நடக்கவிருந்த உலக ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டி, நிலநடுக்கத்தால் ஏப்ரல் கடைசியில் மாஸ்கோவுக்குப் போனது. துயரத்தில் இருந்த ஜப்பானிலிருந்து போய்த் தங்கம் வென்றார் மிகி அண்டோ. உங்கள் பக்கத்துத் திருவெறும்பூர் சுபா வெங்கடேசனையே பாருங்கள். ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் லால்குடி ஆரோக்கிய ராஜீவும் ஓடிய கலப்புத் தொடர் ஓட்ட அணி, தகுதிச்சுற்றில் எட்டாவது இடம். ‘காத்திருந்து என்ன பயன்?’ என்பீர்கள். அதேபோல ஓராண்டு தள்ளி 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுபாவுக்கு இரண்டு வெள்ளி! ஒருநாள் காலையில் திருச்சி அண்ணா ஸ்டேடியம் போய், ஓடுகிற பிள்ளைகளுக்குக் கைதட்டிவிட்டு வாருங்கள்.