ராக்போர்ட் எத்திணை? ஒரு துரத்தல் ஆட்டத்தின் முதல், கரு, உரி

கணினி விளையாட்டுகளை மதிப்பிடுவோர் பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். எண்ணே போதுமென்றால் பொருளதிகாரத்துக்கு வேலையே இருந்திருக்காது. ஒரு படைப்பு எந்த நிலத்தில் நிகழ்கிறது, எந்தப் பொழுதில், அங்கே உணவென்ன, பறவையென்ன, யார் எதற்காக ஏங்குகிறார்கள் என்று வரிசையாகக் கேட்கும் முறை நம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நட்சத்திரம் எண்ணுவது சோம்பல். இக்கட்டுரை அந்தச் சோம்பலுக்கு எதிரானது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ‘நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்’. கனடாவைச் சேர்ந்த ஈஏ பிளாக் பாக்ஸ் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2005 நவம்பரில் வெளியிட்டது. 2012-இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அது வேறு கூடத்தின் படைப்பு. பின்னால் ஒரு பத்தியில் அதற்கு உரிய இடம் தரப்படும். ஆய்வு வினா ஒன்றே: இந்த ஆட்டம் அகமா, புறமா? இதற்கு விடை தேடும்போது அதன் நிறைகுறைகள் தாமாகவே வெளிப்படும் என்பது ஆய்வாளரின் நம்பிக்கை.

முதலில் முதற்பொருள். நிலம், ராக்போர்ட் என்ற கற்பனை அமெரிக்க நகரம். ரோஸ்வுட், கேம்டன், நடுநகரம் என்று அதற்கு மூன்று பகுதிகள். ரோஸ்வுட்டில் இலையுதிரும் மரங்களும் வீடுகளும் கல்லூரி வளாகமும் உண்டு. நடுநகரில் வானுயர்ந்த கட்டடங்கள். கேம்டன் கடற்கரையும் துறைமுகமும் கொண்டது. கடல் இருப்பதால் நெய்தல் என்று எழுதிவிடலாம்தான். ஆனால் கடற்கரையுள்ள ஊரையெல்லாம் நெய்தலில் சேர்த்தால் திணைக்கு மதிப்பில்லாமல் போகும். பொழுதையும் பார்க்க வேண்டும்.

பொழுதுதான் இந்த ஆட்டத்தின் பேர்பெற்ற கூறு. ராக்போர்ட்டில் இரவு வருவதே இல்லை. எப்போது வண்டியைக் கிளப்பினாலும் மஞ்சளும் பழுப்பும் கலந்த வெயில், நீண்ட நிழல்கள், கண்ணாடிக் கட்டடங்களில் தெறிக்கும் தங்கம். இடையில் மழை பெய்யும். பெய்து ஓய்ந்ததும் அதே மஞ்சள். திரையில் யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள் என்று இதைக் கேலி செய்வோர் உண்டு. அவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள். பொழுது சாயும் இந்த வேளைக்கு எற்பாடு என்று பெயர். அது நெய்தலுக்கு உரிய சிறுபொழுது. மரங்கள் இலையுதிர்காலத்தைக் காட்டுகின்றனவே என்று மறுப்போர்க்கும் விடை உண்டு: பெரும்பொழுது ஆறும் நெய்தலுக்கு உரியவை. இதற்கு முந்தைய இரு ஆட்டங்களான ‘அண்டர்கிரவுண்ட்’ (2003), ‘அண்டர்கிரவுண்ட் 2’ (2004) இரண்டும் முழுக்க முழுக்க நள்ளிரவிலும் நியான் வெளிச்சத்திலும் கிடந்தவை. மூன்றாம் ஆண்டில் பிளாக் பாக்ஸ்காரர்கள் வண்டியைச் சாயங்காலத்துக்கு ஓட்டிவந்தது துணிச்சலான செயல். நிறைகளின் பட்டியலில் இதை முதலில் வைக்கிறேன்.

அடுத்தது கருப்பொருள். இங்கே சான்றுகள் மலிந்து கிடக்கின்றன. உணவு, டோனட். சாலையோரக் கடையொன்றின் மேல் பெருத்த டோனட் பொம்மை நிற்கிறது. வண்டியால் மோதிச் சாய்த்தால் அது துரத்திவரும் போலீஸ் கார்கள்மேல் விழும். ஒரு நிலத்தின் உணவே தலைவனுக்குப் படைக்கலமாவது வேறெந்த இலக்கியத்திலும் அரிது. பெட்ரோல் நிலையக் கூரையும் தண்ணீர்த் தொட்டியும் இதே வேலையைச் செய்யும். மா என்றால் காண்டாமிருகம்: எதிர்த்திசையிலிருந்து நேரே வந்து முட்டும் பருத்த எஸ்யூவிகளைப் போலீஸ் ரேடியோ ‘ரைனோ’ என்றுதான் அழைக்கிறது. புள் என்றால் ஹெலிகாப்டர். எரிபொருள் குறைந்தால் கூட்டுக்குத் திரும்பிவிடும் என்பதால் பறவை இயல்பும் பொருந்துகிறது. பறை சைரன். யாழுக்கு மாற்றாக ராக், ஹிப் ஹாப் பாடல்கள். தெய்வம் யாரென்று துணிய முடியவில்லை. கம்பத்தில் ஏறி நிற்கும் வேகக் கேமராவைச் சிலர் கொள்ளக்கூடும்.

கருப்பொருளில் ஒரு பெரும் ஓட்டை உண்டு: மக்கள். பரதவரும் இல்லை, உமணரும் இல்லை, நடைபாதையில் ஓர் ஆள்கூட இல்லை. சாலையில் கார்கள் ஒழுங்காக ஓடுகின்றன. ஓட்டுபவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்கக்கூடாது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிறவனுக்கு மனிதர் தேவையில்லை என்று வாதிடலாம். துரத்தல் முடிந்து, ஒளிவிடத்தில் இன்ஜினை அணைத்துக் காத்திருக்கும்போதுதான் இந்தக் குறை உறைக்கும். ஊர் முழுக்கக் காலி மனைபோல் இருக்கிறது. உண்மையான நிறுவனங்களின் கார்கள் என்பதால் அவற்றுக்கும் பெரிய காயம் படுவதில்லை. கண்ணாடி விரியும், கீறல் விழும், அவ்வளவே. எதுவும் சாகாத நிலத்தில் நெய்தலின் உரிப்பொருளான இரங்கலுக்கு என்ன வேலை என்று, இந்த ஆட்டம் புறமே என்னும் புறக்கட்சியினர் இந்த இடத்தில் எழுந்து கேட்பார்கள். கேட்கட்டும்.

ஏனெனில் உரிப்பொருள் இரங்கலேதான். கதை இது: தலைவன் வெள்ளியும் நீலமுமான பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் காரில் ஊருக்குள் வருகிறான். அது கதைக்காகக் கட்டிய வண்டியன்று. 2001-இல் அமெரிக்க லெ மான் தொடரில் ஓடிய உண்மையான பந்தய வகை. சாதாரண எம்3-இல் ஆறு சிலிண்டர் இருந்த காலத்தில் இதில் எட்டு. ரேசர் என்பவனோடு பந்தயம். தோற்றவன் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். ரேசரின் ஆட்கள் முன்கூட்டியே கைவைத்திருப்பதால் பாதி வழியில் எண்ணெய் ஒழுகி வண்டி நின்றுபோகிறது. தலைவன் சிறைக்குப் போகிறான்; ரேசர் அவன் வண்டியிலேயே ஊரின் முதலிடத்துக்குப் போகிறான். திரும்பி வந்தவனுக்கு ஃபியட் புன்டோ மாதிரியான சிறு கார்களிலிருந்து ஒன்று வாய்க்கிறது. இனி ‘பிளாக்லிஸ்ட்’ என்ற பட்டியலில் பதினைந்தாவது ஆளிலிருந்து முதல் ஆள்வரை ஒவ்வொருவராக வெல்ல வேண்டும். பிரிந்த பொருளை நினைந்து எற்பாட்டு வேளையில் கடலோரமாகச் சுற்றுபவனை நெய்தல் தலைவன் என்னாமல் வேறென்ன என்பது?

அகமே என்பதற்கு இதைவிட வலிய சான்றும் உண்டு. தலைவனுக்குப் பெயர் இல்லை. முகத்தைக் காட்டுவதில்லை, வாய் திறப்பதும் இல்லை. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்ற விதியை இந்த ஆட்டம் எழுத்துப் பிசகாமல் காக்கிறது. தோழியும் இருக்கிறாள். மியா என்று பெயர்; நடித்தவர் ஜோசி மாரன். தங்க இடம் பார்த்துத் தருவதும், குறுஞ்செய்தி அனுப்புவதும், இன்னாரோடு மோது, இன்னாரை நம்பாதே என்று சொல்வதும் அவள் வேலை. கடைசியில் அவள் வேடமிட்டு வந்த போலீஸ் என்று தெரிகிறது. தோழி உரிய காலத்தில் உண்மையை வெளிப்படுத்தும் துறைக்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். கைவிலங்கோடு அறத்தொடு நின்ற முதல் தோழி இவளாக இருக்கக்கூடும். ரேசரைப் பிடித்துக்கொண்டு, வண்டிச் சாவியைத் தலைவனிடம் எறிகிறாள்.

புறக்கட்சியின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இங்கே நடப்பது ஆநிரை கவர்தல். ஆவுக்குப் பதில் கார், அவ்வளவுதான் வேறுபாடு என்பார்கள் அவர்கள். ரேசர் கவர்ந்தது வெட்சி. தலைவன் மீட்டது கரந்தை. பிளாக்லிஸ்ட் ஆள் ஒருவனை வென்றதும் பரிசுச் சீட்டுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். யோகமிருந்தால் அவன் காரே நமக்கு வந்துசேரும். கரந்தையைத் தனித்திணையாக வைத்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் இதைப் பார்த்திருந்தால் ‘காவலர் வழிமறித்தல்’ என்று இன்னொரு துறை சேர்த்திருப்பார் என்றுகூடச் சொல்வார்கள். ஆனால் ஆநிரை கவர்வோர் இருளில் போவார்கள். இரவே இல்லாத ஊரில் வெட்சி எப்படி நடக்கும்? இந்த ஒரு கேள்வியில் புறக்கட்சி தடுமாறுகிறது.

திணை ஆராய்ச்சியைச் சற்றே நிறுத்திவிட்டு, ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். பந்தயங்கள்தான் இந்த ஆட்டத்தின் மெலிந்த பகுதி. வட்டமடிப்பது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது, நேர்கோட்டில் கியர் மாற்றிப் பறப்பது, கேமரா முன் வேகம் காட்டுவது என்று வகைகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரு ரப்பர் கயிறு கட்டியிருக்கிறது. நாம் முந்திப்போனால் பின்னால் வருபவனுக்குத் திடீர் வலிமை வந்துவிடும். நாம் சுவரில் மோதிப் பின்தங்கினால் அவன் பெருந்தன்மையோடு மெதுவாகிவிடுவான். முதல் இரண்டு சுற்றிலும் அப்பழுக்கில்லாமல் ஓட்டியதற்கு மதிப்பே இல்லை. கடைசி வளைவில் சறுக்கினால் எல்லாம் போச்சு. பட்டியலின் நடுப்பகுதியில், பத்தாமவனுக்கும் ஐந்தாமவனுக்கும் இடையில், அதே சாலைகளில் அதே ஓட்டம் திரும்பத் திரும்ப வரும்போது கை தானாக ஓட்டும். மனம் வேறெங்கோ போய்விடும்.

துரத்தலில் இதே ஏமாற்று இனிக்கிறது என்பதுதான் வியப்பு. நாம் எங்கே திரும்பினாலும் முன்னால் தடுப்பு வைத்திருப்பார்கள், முள்பட்டை விரித்திருப்பார்கள், ஐந்து கார்களைக் கவிழ்த்தால் வளைவிலிருந்து இன்னும் ஐந்து வரும். கணினி நமக்கு முன்னால் கொண்டுவந்து நட்டவைதான் எல்லாம். ஆனால் காதில் போலீஸ் ரேடியோ ஓயாமல் ஒலிக்கிறது. நம் வண்டியின் நிறத்தையும் வகையையும், எந்தச் சாலையில் எந்தத் திசையில் போகிறோம் என்பதையும் சொல்லி, தடுப்பு கேட்கிறார்கள், மேலிடம் அனுமதிக்கிறது, கொஞ்ச நேரத்தில் தடுப்பு கண்ணுக்குத் தெரிகிறது. பந்தயத்தில் காரணமில்லாமல் வந்த எதிரி, இங்கே காரணத்தோடு வருகிறான். ஒரே கணக்கு, ஒன்றில் மோசடி, மற்றதில் சூழ்ச்சி. நடுவில் இருப்பது ஒரு ரேடியோக் குரல். இந்த ஆட்டத்தை எழுதியவர்கள் இதை உணர்ந்து செய்தார்களா தெரியாது; செய்துவிட்டார்கள்.

துரத்தலின் நிர்வாக அமைப்பைப் பற்றியும் ஒரு சொல். அடுத்த ஆளிடம் மோத வெறும் பந்தய வெற்றி போதாது. தகுதிச் சான்றுகள் வேண்டும். எத்தனை தடுப்பு தாண்டினாய், எத்தனை நேரம் பிடிபடாமல் இருந்தாய், தலைக்கு என்ன விலை சேர்த்தாய் என்று கேட்பார்கள். அவற்றில் ஒன்று ‘அரசுக்கு ஏற்படுத்திய செலவு’. டாலரில் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்குச் சான்றிதழ் கேட்டு, அது குறைந்தபட்சத் தொகைக்கு எட்டாவிட்டால் விண்ணப்பத்தை நிராகரிக்கும் ஒரே அலுவலகம் ராக்போர்ட்டில்தான் இருக்கிறது. போலீசின் கவனமும் படிப்படியாக ஏறும். ஐந்தாம் படியில் சார்ஜன்ட் கிராஸ் கொர்வெட்டில் வந்துவிடுவார். அந்தக் கவனத்தைக் குறைக்க வழி, வண்டிக்கு வேறு வண்ணம் அடிப்பது. அடித்துவிட்டு வந்தால் நேற்று உயிரைக் கொடுத்துத் துரத்தியவர்களுக்கு இன்று அடையாளம் தெரியாது.

இனி திறந்த நகரம் என்ற பெருமைக்கு வருவோம். பந்தயங்களைப் பட்டியலிலிருந்தே தொடங்கிவிடலாம். சாலையில் ஓட்டிப்போய்ச் சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியென்றால் இவ்வளவு பெரிய ஊர் எதற்கு? பந்தயத்துக்கு அது வீண். ஓடி ஒளிவதற்கு மட்டும் ஒரு சந்துகூட வீணில்லை. எந்தப் பாலத்துக்கடியில் நின்றால் ரோந்துக் கார் பார்க்காமல் போகும், எந்தக் கிடங்கின் பின்னால் இன்னொரு வழி உண்டு என்பதையெல்லாம் துரத்தப்பட்டவன்தான் கற்கிறான். ஊரை அறிமுகப்படுத்துவது வரைபடத்தைவிடப் பயமே என்பது இந்த ஆட்டத்தின் கண்டுபிடிப்பு.

2012-இல் கிரைட்டீரியன் செய்த ‘மோஸ்ட் வான்டட்’ இதற்கு எதிர்ச்சான்று. ஃபேர்ஹேவன் நகரம் அழகு, வண்டிகள் மோதும் உணர்வு இன்னும் மேல். ஆனால் மியா இல்லை, ரேசர் இல்லை, பறிபோன கார் இல்லை. ஊரெங்கும் நிறுத்தியிருக்கும் வண்டிகளில் கண்டதை எடுத்து ஓட்டலாம். இழந்தது ஒன்றுமில்லாதவன் எதற்கு இரங்குவான்? அங்கே கருப்பொருள் வளர்ந்தது, உரிப்பொருள் செத்தது.

இரவில்லாத குறைக்கு 2006-இல் வந்த ‘கார்பன்’ ஈடு செய்தது. அது ராக்போர்ட் கதையின் தொடர்ச்சி. முழுவதும் இரவிலேயே நடக்கிறது. புறக்கட்சியினர் ஓராண்டு காத்திருந்து கேட்டதைப் பெற்றார்கள். எனினும் அதன் தொடக்கத்திலேயே கிராஸ் துரத்தி வருகிறார். அரும்பாடுபட்டு மீட்ட எம்3 ஜிடிஆர் நொறுங்கிப்போகிறது. தலைவன் மறுபடி வண்டியில்லாமல் நிற்கிறான். புறக்கட்சிக்கு இரவு கிடைத்தது. கரந்தைக்கு வேண்டிய நிரை போய்விட்டது. நெய்தற்கட்சி இதைத் தனக்குச் சாதகமான தீர்ப்பாகப் பதிவு செய்துகொள்கிறது.