மூக்கிலிருந்து பி.பி. வரை: தா.பழூர் வட்டாரச் சினவழக்குகள் குறித்து ஓர் ஆய்வு

வெகுளி நான்கினால் பிறக்கும் என்று மெய்ப்பாட்டியலில் வரையறுத்தார் தொல்காப்பியர்: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், வைதும் அடித்தும் அலைத்தல், கொலை. முதலாவதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். கங்கைகொண்ட சோழபுரச் சிற்பத்தில் சிவன் கையால் மாலை பெறும் சண்டேசர், பால்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டியவர். என்ன, அங்கே வெகுளி முந்திவிட்டது, உறுப்பறுத்தல் பிந்திவிட்டது. ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து, தா.பழூரில் கை காட்டியும் நிற்காமல் போவது எந்த வகை? 'அலைத்தல்' என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இவ்வூர்ச் சினவழக்குக்குக் கறாரான இலக்கணம் உண்டு. 'மூக்குக்கு மேல கோவம்' படர்க்கைக்கே உரியது. அதையும் பெரியப்பா தெரு திரும்பிய பிறகே சொல்வர். தன்மைக்கு 'பத்திக்கிட்டு வருது'. எங்கே பற்றியது என்று விசாரிப்பது ஆய்வு நெறிக்கு உகந்தது, உடல்நலத்துக்கு உகந்ததன்று. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிப்பது பார்ப்பவர் கூற்று; வெடிக்கிறவருக்குத் தெரியாது.

இந்த ஒழுங்கைக் கலைத்தவை ஆங்கில வரவுகள். ஆங்கிலத்தில் இறுக்கத்தையும் பதற்றத்தையும் குறிக்கும் 'டென்ஷன்', தமிழ்நாடு முழுக்கச் சினமாகிவிட்டது. இதில் ஒரு வசதி, பழி எதிராளி மேல் விழும்: "என்னை டென்ஷன் பண்ணாத!" கோபப்பட்டவர் குற்றவாளி, டென்ஷன் ஆனவர் பாதிக்கப்பட்டவர். வள்ளுவர் பத்துக் குறள் பாடியது வெகுளாமைக்குத்தான், டென்ஷனாகாமைக்கு அல்ல என்று வாதாடவும் இடமிருக்கிறது.

'பி.பி.ய ஏத்தாத' என்பதில்தான் சிக்கல். மூக்குக்கு மேல் எத்தனை அங்குலம் என்று அளக்கக் கருவியில்லை, பி.பி.க்கு உண்டு. 1896இல் இத்தாலியின் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளந்தார். 1905இல் ரஷ்யாவின் கொரோட்காஃப் அதோடு ஸ்டெதஸ்கோப்பையும் சேர்த்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் அந்தக் கருவியைத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டது. "உன்னாலதான்டி எனக்கு பி.பி. எகிறுது" என்று மருமகளைச் சாடும் மாமியாருக்கு, அந்நேரம் பார்த்து 120/80 காட்டினால் உருவகம் அங்கேயே செத்தது. 140/90ஐத் தாண்டினாலும் பிழைக்காது. அத்துடன் அணியிலக்கணம் முடிந்து மாத்திரை தொடங்குகிறது, எழுத்திலக்கணத்து மாத்திரை அல்ல.

ஆகவே, எந்தக் கருவிக்கும் பிடிபடாத 'வயிறு எரியுது' என்ற பழைய வழக்குக்கே மூத்தோர் திரும்புவது பாதுகாப்பானது என்று இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. இப்பரிந்துரை, எண்டோஸ்கோப்பியும் வீடு தேடி வரும்வரை செல்லும்.