'கடை இடம் மாறிவிட்டது' என்று ஒரு போர்டு வையுங்கள்

அனுப்புநர்:
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பக் கடைக்காரர்,
கிரிவலப் பாதை ஓரம், திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்திரு களஞ்சியக் காப்பாளர் அவர்கள்,
லினக்ஸ் வழங்கல் ஒன்றின் மென்பொருள் களஞ்சியம்,
(பழைய முகவரியில் இல்லை. புதிய முகவரி தெரிவிக்கப்படவில்லை.)

பொருள்: களஞ்சியத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாற்றியது – அறிவிப்புப் பலகை வைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் சர்வரின் பதில் எண் 404, சித்ரா பௌர்ணமிக்கு முந்தைய இரவு.

ஐயா,

இந்தக் கடிதத்தைக் கையால் எழுதுகிறேன். டைப் அடித்துக் கொடுக்கும் கடைக்காரன் கையால் எழுதுகிறான் என்றாலே நிலவரம் தங்களுக்குப் புரிந்திருக்கும்.

பௌர்ணமிக்கு எங்கள் ஊரில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். லாட்ஜில் அறை எடுக்கிறவர்களிடம் ஆதார் நகல் கேட்பார்கள். அட்டையைக் கையில் கொண்டுவந்தவருக்கு ஜெராக்ஸ் மெஷினே போதும். அட்டையை வீட்டு பீரோவில் பூட்டிவிட்டு, போனில் படம் மட்டும் வைத்திருப்பவர்தான் எனக்குப் படியளப்பவர். அவருக்குப் பிரிண்ட் எடுக்கக் கணினி வேண்டும். சித்ரா பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம். அதற்கு முந்தைய ராத்திரி பார்த்து எனக்குப் புத்தி கெட்டுப்போய் அப்டேட் போட்டேன். அது என் தப்பு. தங்கள் தலையில் கட்டவில்லை.

கணினியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆரம்பக் காலத்தில் என் அக்கா மகனுக்குப் பள்ளியில் கிடைத்தது இது. அப்போது உள்ளே விண்டோஸும் இருந்தது, டெபியனை அடிப்படையாக வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது; திறந்தால் எது வேண்டும் என்று கேட்கும். பையன் விளையாட்டுப் புத்தியில் இரண்டையும் அழித்துவிட்டு, தங்கள் வழங்கலை ஏற்றினான். பிறகு அவன் ஓசூருக்கு வேலைக்குப் போனான், மடிக்கணினி கடைக்கு வந்தது. இத்தனை வருஷம் உழைத்தது. ஊர் ஊராக வருகிறவர்கள் பென்டிரைவில் கொண்டுவந்து கொட்டிய வைரஸ் எதுவும் இதை ஒன்றும் செய்யவில்லை. தங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் மனு, இல்லாவிட்டால் சண்டை.

விண்ணப்பப் பக்கங்கள் ஒவ்வொன்றாக 'உங்கள் உலாவி பழசு' என்று கதவைச் சாத்தின. சரி, புதுசு போடுவோம் என்று 'சூடோ ஆப்ட் அப்டேட்' அடித்தேன். வரிசையாக வந்தது: 404, நாட் ஃபவுண்ட். 404, நாட் ஃபவுண்ட்.

எங்கள் தேரடி வீதியில் டெய்லர் ஒருவர் கடையைக் காலி செய்தால்கூட, ஷட்டரில் சாக்பீஸால் 'எதிர்ச் சந்துக்கு மாறிவிட்டது' என்று எழுதி, அம்புக்குறியும் போட்டுவிட்டுத்தான் போவார். தைக்கக் கொடுத்தவர்களின் ஜாக்கெட் துணி கையில் இருக்கிறதில்லையா? தாங்களோ, பத்து வருஷமாக வந்துபோகும் வாடிக்கையாளனிடம், அப்படியொரு கடை இந்தத் தெருவில் இருந்ததே இல்லை என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள்.

விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று உண்டு, தங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பழக்கமுள்ள தம்பியைப் போனில் பிடித்தேன். "அண்ணா, உங்க வெர்ஷனுக்கு ஆயுசு முடிஞ்சு எத்தினியோ வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் ஆர்க்கைவுக்குத் தூக்கிட்டாங்க. சோர்சஸ் லிஸ்ட்ல முகவரிய மாத்துங்க" என்றான். பிறகுதான் விவரம் தெரிந்தது. டெபியன் தன் பதிப்பு ஒவ்வொன்றையும் ஏறக்குறைய ஐந்து வருஷம் பராமரித்துவிட்டு, ஆர்க்கைவ் என்ற தனிச் சர்வருக்கு மாற்றிவிடுகிறது. தொண்ணூறுகளில் வந்த பதிப்புகள்கூட அங்கே பத்திரமாக இருக்கின்றன. உபுண்டுவும் 'ஓல்டு ரிலீசஸ்' என்று வைத்திருக்கிறது. தங்களுடையதும் அப்படியே. என் தாத்தா காலத்துப் பத்திரத்துக்கு நகல் கேட்டு அலைந்தவன் நான். இப்படி ஒன்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் இருக்கிற பொருளை ஏன் ஐயா இல்லை என்கிறீர்கள்?

முகவரியை மாற்றினேன். அடுத்த பதில்: 'இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை. ஐயாயிரத்துச் சொச்சம் நாள் கழித்து வரவும்.' தாலுகா ஆபீஸில்கூட யாரும் என்னை இவ்வளவு நாள் கழித்து வரச் சொன்னதில்லை. பார்த்தால் மடிக்கணினியின் கடிகாரம் 2009 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாணயம் அளவில் ஒரு பேட்டரி, சி.ஆர். 2032, உயிரை விட்டிருந்தது. (இணையத்தைப் பார்த்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி என் கணினியில் அணைந்துகிடந்தது. அதுவும் என் தப்புதான், எழுதிக்கொள்ளுங்கள்.) வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டிருந்தார், பாதி திறக்கச் சொன்னேன். பழைய பேட்டரியில் ஒட்டியிருந்த இரண்டு வயரைக் குறடால் பிய்த்து, புதுசின் மேலும் கீழும் வைத்து, இன்சுலேஷன் டேப்பைப் பல்லால் கடித்துச் சுற்றிக் கொடுத்தார்.

கடிகாரத்தை நானே திருத்தினேன். மறுபடி அடித்தேன். பாதுகாப்புத் திருத்தங்களின் பட்டியலைப் பற்றி இப்போது சொல்கிறது: 'இந்தப் பட்டியல் காலாவதியாகிவிட்டது.' ஐயா, கால் மணி நேரத்துக்கு முன்னால் பிறக்கவே இல்லை என்றீர்கள். இப்போது கருமாதி முடிந்துவிட்டது என்கிறீர்கள். நடுவில் அது எப்போதுதான் உயிரோடு இருந்தது?

பட்டியலுக்குக் காலாவதித் தேதி வைப்பது ஏன் என்றும் தம்பி சொன்னான். எவனோ நடுவில் புகுந்து பழைய பட்டியலைக் கொடுத்து, புதிய ஓட்டைகளை அடைக்கவிடாமல் செய்துவிடக் கூடாது என்பதற்காகவாம். அவன் போலிப் பட்டியலையே கொடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கையெழுத்துச் சரிபார்ப்பு. அதை நான் குறை சொல்ல மாட்டேன். முடியைப் பார்த்தேன் என்று பிரம்மா சொன்னதற்குத் தாழம்பூ பொய்ச் சாட்சி சொன்ன ஊர் இது. அன்றிலிருந்து சிவபூஜையில் தாழம்பூவுக்கு இடமில்லை. சாட்சியைச் சோதிக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

காலாவதியைப் பார்க்காதே என்று ஒரு வரி எழுதி அதையும் தாண்டினேன். நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவலாமா என்றேன். கூடாதாம், ஒவ்வொரு பதிப்பாகத்தான் ஏற வேண்டுமாம். அதுவும் நியாயம். இந்திர லிங்கத்தைக் கும்பிட்டுவிட்டுப் பின்பக்கமாக ஒரு நடை நடந்து ஈசான்ய லிங்கத்தைத் தொட்டால் கிரிவலம் ஆகிவிடுமா? ஒவ்வொன்றாகவே போனேன். இரண்டாவது ஏற்றத்தில் கரண்ட் போனது. வந்ததும், 'உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறாய்' என்று போலீஸ் தோரணையில் குற்றச்சாட்டு. மளிகைக் கடைக்காரன் மேல்கூட இப்படி வழக்குப் போட மாட்டார்கள். அதைச் சமாளித்தால் வைஃபை போனது. வைஃபை பேச ஃபர்ம்வேர் வேண்டும். அதை இறக்க வைஃபை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. 2023-ல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும்போதே ஃபர்ம்வேரையும் சேர்த்துக் கொடுக்கிறார்களாம். நான் அந்தப் படிக்கு இன்னும் ஏறவில்லை.

விடிந்தது. சாயங்காலம் போனை நீட்டியபடி வந்த அத்தனை பேரையும் என் கையாலேயே எதிர்க்கடைக்குக் காட்டி அனுப்பினேன். எதிர்க்கடைக்காரர் நல்ல மனுஷர். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைத்தான் ஐயா என்னால் மறக்க முடியவில்லை.

தங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று தெரியும். பழைய முகவரி தானாகவே ஆர்க்கைவுக்குத் திரும்பினால், திருத்தமே வராத பதிப்பை ஜனங்கள் தெரியாமல் காலகாலத்துக்கும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அறுந்தால்தான் விழித்துக்கொள்வார்கள் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறுக்கிறவர் காரணத்தைச் சொல்லிவிட்டு அறுக்கலாமே. 404-க்குப் பக்கத்திலேயே 410 என்று ஓர் எண் இருக்கிறது. 'இருந்தது, இப்போது எடுத்தாகிவிட்டது' என்பதற்கென்றே வைத்த எண் அது. ஆறு எண் தள்ளிப் போட்டிருந்தால், என் நெட்டில்தான் கோளாறு என்று ரௌட்டரை நான்கு தடவை அணைத்துப் போட்டிருக்க மாட்டேன். புதிய இடத்துக்கு அனுப்பிவைக்க 301 இருக்கிறது. ஆப்ட் அதைப் புரிந்துகொண்டு தானே பின்னால் போகும். உள்ளே வந்த பிறகு, 'இது பழைய சரக்கு, திருத்தம் வராது, சீக்கிரம் மேலே ஏறு' என்று எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

பதிலைத் தபாலில் அனுப்பவும். மின்னஞ்சல் திறக்கும் நிலையில் கணினி இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் பயனர்.

இணைப்பு:
1. செத்துப்போன சி.ஆர். 2032 பேட்டரி, ஒன்று.
2. 'களஞ்சியம் இடம் மாற்றப்பட்டுள்ளது' என்று கையால் எழுதி லேமினேட் செய்த ஏ4 தாள், ஒன்று. முகவரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாததால் போடவில்லை.